ஏழாவது வால்வு

என்னைத் திருடன் என்று திண்டுக்கல்லில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவ்வளவு மரியாதையான ஊர். ரேடியோவைப் பழுதுபார்க்கக் கொண்டுவருவார்கள். "அவசரம் ஒன்னுமில்ல, செத்த நேரம் இருந்து கையோட வாங்கிட்டுப் போறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் பேசுவார்கள். கண் மட்டும் என் விரல்களை விட்டு நகராது.

என் மேல் அந்தப் பழி விழுவதற்கு முந்தைய வருடம் வரை இதே ஆட்கள்தான் ரேடியோவைக் கடையில் போட்டுவிட்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய், மறுநாள் சாவகாசமாக வந்து வாங்கிப் போனவர்கள்.

என் பெயர் ஸ்தனிஸ்லாஸ். வாயில் நுழையாதவர்களுக்குத் தனிசு. மேட்டுப்பட்டியில் எங்கள் கோவிலுக்குப் போகிற வழியில் பதினோரு வருடமாக ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மைக் செட்டும் வாடகைக்கு விடுவேன். கோவில் திருவிழாவின் ஒன்பது நாளும் மைக் என்னுடையது. என் சொத்து என்று கேட்டால் அந்தத் திருவிழா மைக்கும், "தனிசு கையில குடுத்தா பொருள் பத்திரம்" என்ற ஊர்ப்பேச்சும்தான். இரண்டும் என் கையை விட்டுப் போயின. காரணம், ஒரு மனிதர் பாட்டுக் கேட்பதற்கென்று ஓர் அறை கட்டினார்.

அந்த மனிதர் புகையிலை மொத்த வியாபாரி பெருமாள்சாமி. கொழும்பில் கடை வைத்திருந்த அவருடைய மைத்துனர், அறுபத்து மூன்றாம் வருடத் தொடக்கத்தில் ஒரு ஜெர்மன் ரேடியோகிராமைக் கப்பலேற்றி அனுப்பிவைத்தார். ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்தது. நான்கு காலில் நிற்கும் தேக்கு அலமாரி மாதிரி இருக்கும். முன்பக்கம் பெரிய ஸ்பீக்கர் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னது இரண்டு. நிலையம் சரியாகப் பிடித்தால் பச்சைக் கண் ஒன்று சுருங்கி விழிக்கும். மூடியைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் ரேடியோவே இல்லை என்று தோன்றிவிட்டது.

அது வருவதற்கு முன்பே அதற்கு அறை கட்டத் தொடங்கியிருந்தார் முதலாளி. வீட்டை ஒட்டித் தனிக் கட்டிடம். இருபத்து நாலடி நீளம், இருபத்து நாலடி அகலம். தரை முழுக்க மொசைக். சுவரில் தோள் உயரத்துக்குப் பளபளக்கிற வெள்ளை ஓடு, அதற்கு மேல் எண்ணெய் வர்ணம். எட்டு ஜன்னலுக்கும் கண்ணாடிக் கதவு. மேலே கான்கிரீட். எதிரெதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி இரண்டு. திரைச்சீலை கிடையாது, தூசி சேருமாம். பாய், ஜமுக்காளம் கிடையாது, பூச்சி வருமாம். உட்கார இரண்டே நாற்காலி. ஒன்று முதலாளிக்கு. மற்றது மதுரையிலிருந்து பெரிய மனிதர் யாராவது வந்தால் அவருக்கு. பாட்டுக்கும் காதுக்கும் நடுவில் ஒரு துரும்பு கூட நிற்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. கேட்கும்போது எனக்கும் அது ரொம்ப நியாயமாகத்தான் பட்டது.

ரேடியோகிராம் வந்து இறங்கிய நேரம், மொசைக்குக்கு இன்னும் மெருகு போட்டு முடியவில்லை. அதனால் இருபது நாள் அதைப் புகையிலைக் கிட்டங்கியில் வைக்கும்படி ஆயிற்று. கூரை வரை சிப்பம் சிப்பமாகப் புகையிலை அடுக்கியிருக்கும். சாக்கும் ஓலைப்பாயும் சுற்றிய சிப்பங்கள். நடுவில் கிடைத்த இடத்தில் கிட்டங்கி வேலைக்காரி அய்யம்மாளும் இன்னும் முப்பது பெண்களும் உட்கார்ந்து இலையில் நரம்பு கிழித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நெடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் இயந்திரத்தை இடம் பார்த்து வைத்து, முதலாளி ஆசையாக வைத்திருந்த ஒரு நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டேன்.

அந்தத் தவிலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வந்து விழுந்தது. வலப்பக்கம் வலந்தலையில் கூடு மாட்டிய விரல் எது, இடப்பக்கம் தொப்பியில் விழுந்த குச்சி எது என்று கண்ணால் பார்ப்பது போல இருந்தது. பெண்களின் கை தானாக நின்றுவிட்டது. முதலாளி ஒரு சிப்பத்தின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெருமாள்சாமிக்கு நல்ல காது. இந்த ஊரில் அவரைப் போல ஓசையைப் பகுத்துக் கேட்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. காதுக்கும் புத்திக்கும் நடுவில்தான் எங்கோ கம்பி அறுந்திருந்தது.

"கிட்டங்கியிலயே இம்புட்டு நல்லா இருக்கே, நம்ம ஹாலுக்குப் போனா எப்படி இருக்கும்" என்று அவர் சொன்னபோது நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

ஹால் தயாரானதும் இடமாற்றம். இந்த மாதிரி இயந்திரத்தைத் தூக்கும்போது வால்வுகளைக் கழற்றிவிடுவது என் வழக்கம். கண்ணாடிச் சாமான்கள், ஆடினால் உள்ளே கம்பி அறுந்துவிடும். மொத்தம் ஏழு வால்வு. ஆறைப் பஞ்சில் சுற்றி மஞ்சள் பையில் போட்டேன். பஞ்சு தீர்ந்துவிட்டது. ஏழாவது வால்வு சின்னது, கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முதலாளியின் கணக்குப்பிள்ளை சுருளிவேல் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவன் பார்ப்பதைப் பார்த்தேன். என் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததால் ஒன்றும் தோன்றவில்லை.

ஹாலில் வைத்து, ஏழு வால்வையும் அதனதன் குழியில் பொருத்தி, அதே இசைத்தட்டைப் போட்டேன். முதலாளி புது வேட்டி கட்டி நாற்காலியில் அமர்ந்திருந்தார். தவில் தொடங்கியது. அட கொடுமையே. தேங்காய் மூட்டை அவிழ்ந்து மச்சுப்படியில் உருண்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஓர் அடி தேய்வதற்குள் அடுத்த அடி அதன் மேல் ஏறி விழுந்தது. நாதஸ்வரம் நான்கு மூலையிலிருந்தும் ஒரே சமயத்தில் ஊதியது. ரேடியோவைப் போட்டுப் பார்த்தோம். செய்தி வாசிப்பவர் கிணற்றுக்குள் இறங்கி நின்று வாசித்தார்.

ஊசியை மாற்றினேன். வோல்டேஜ் பார்த்தேன். பின்பலகையைத் திறந்து ஒவ்வொரு பற்றவைப்பையும் தொட்டுப் பார்த்தேன். எதிலும் குறையில்லை.

சுருளிவேல் ரொம்பப் பணிவாக, "வால்வு ஏழும் இருக்காண்ணே?" என்று கேட்டான்.

எண்ணிக் காட்டினேன். ஏழு இருந்தது.

"ஏழு இருக்கு, சரி. அதே ஏழா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த மெக்கானிக்காலும் பதில் சொல்ல முடியாது. வால்வின் மேலிருந்த ஜெர்மன் எழுத்தைக் காட்டினேன். அந்த எழுத்தை நாகல்நகரில் கடைப் பலகை எழுதுகிறவன்கூட எழுதிவிடுவான் என்றான். முதலாளி எழுந்து வந்தார். என் சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு கண்ணாடி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவர் முகத்தில் இருந்தது வருத்தம். அதுதான் என்னைக் கொன்றது.

மதுரையிலிருந்து வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினார்கள். அந்த ஆள் பின்பலகையைத் திறந்து அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "இதுல கை பட்டிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். கை படாமல் வால்வு மாட்ட நான் என்ன மந்திரவாதியா? ஆனால் அந்த மூன்று சொல் போதுமானதாக இருந்தது. ஒரே வாரத்தில் பேகம்பூரிலிருந்து ரெட்டியார்சத்திரம் வரை என் கதை போய்விட்டது. தனிசு ஜெர்மன் வால்வைச் சுட்டுவிட்டு உள்ளூர் வால்வை வைத்துவிட்டானாம்.

அந்த மாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சுருளிவேல் மேல் வைத்த கோபம், அவனை மனதுக்குள் திட்டிய வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். வலைத்தட்டிக்கு அந்தப் பக்கமிருந்த சாமியார் பொறுமையாகக் கேட்டார். வேறு ஏதாவது உண்டா என்றார். இல்லை சாமி என்றேன். தட்டியோரம் நெருங்கி வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "திருடாதேங்கிற ஏழாம் கட்டளைக்கு எதிரா ஒன்னும் இல்லையாப்பா?" என்று கேட்டார். நான் முழந்தாளில் இருந்ததால் விழாமல் தப்பித்தேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தது என் மனைவி அன்னாள். அவளுக்கு ரேடியோவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சத்தம் அதிகமானால் குமிழைத் திருக வேண்டும் என்பதுதான். ஒரு ஞாயிறு, காலையிலிருந்து அடைமழை. கோவிலில் முப்பது பேர் இருந்தால் அதிகம். பூசை முடிந்து ஒரே குடையில் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம்.

"இன்னைக்குச் சாமியார் பிரசங்கம் ஒரு வார்த்தை வெளங்கலைங்க" என்றாள். "பாஸ்கா பண்டிகைக்கு நிக்க எடமில்லாம சனம் நெருக்குச்சுல்ல, அன்னைக்கு அட்சரம் அட்சரமாக் கேட்டுச்சு. ஆளில்லாட்டி சாமியார் கூடச் சேந்து கோயிலும் பேசுது."

நான் நடையை நிறுத்தினேன். குடை அவளோடு போய்விட்டது. நனைந்துகொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "சாமியார் தொண்டையில வால்வை மாத்துனது யாராம்?" என்றாள்.

பதினோரு வருடம் அந்தக் கோவிலுக்கு மைக் கட்டியிருக்கிறேன். கூட்டம் குறைந்த நாளில் சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்று தலை ஒரு நாளும் கேட்டதில்லை. கிட்டங்கியில் சாக்கும் பாயும் இலையும் முப்பது பெண்களும் இருந்தார்கள். மிச்ச ஓசையையெல்லாம் அவை குடித்துவிட்டன. ஹாலில் குடிக்க ஒன்றுமில்லை. மொசைக்கும் கண்ணாடியும் ஓடும் ஒன்றுக்கொன்று பந்தெறிந்து விளையாடிக்கொண்டிருந்தன. திருடன் இருக்கத்தான் இருந்தான். அவனைக் கட்டியெழுப்பத்தான் முதலாளி அவ்வளவு செலவழித்திருந்தார்.

மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டினேன். ஓசை சுவருக்குச் சுவர் படபடவென்று ஓடி அடங்கியது. கேட்டீர்களா மொதலாளி என்றேன். கேட்டார். முகம் மலர்ந்தது. "பாத்தியா, எம்புட்டு கணீர்னு இருக்கு" என்றார்.

எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கி, குறை இயந்திரத்தில் இல்லை, அறையில்தான் என்றேன். இருபது சிப்பத்தைக் கொண்டுவந்து சுவரோரம் அடுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். சுருளிவேல் சிரித்துவிட்டான். முதலாளிக்கு அவமானமாகப் போய்விட்டது. மொசைக் போட்ட ஹாலில் புகையிலைச் சிப்பமா? சரி, நாற்பது பேரையாவது உள்ளே உட்காரவைத்துப் பார்க்கலாம் என்றேன். அது இன்னும் மோசம். தலை எண்ணெய் ஓட்டில் படுமாம், வெற்றிலை எச்சில் தரையில் படுமாம். கடைசியில் கெஞ்சிக் கூத்தாடி ஒன்றுக்குச் சம்மதிக்க வைத்தேன். இயந்திரத்தை மறுபடி கிட்டங்கிக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவது. அங்கே நன்றாகப் பாடினால் நான் திருடவில்லை என்று ஆகிவிடும் அல்லவா?

இந்த முறை வால்வுகளை நான் தூக்கவில்லை. கழற்றி ஒவ்வொன்றாகச் சுருளிவேல் கையில் கொடுத்தேன். அவனே பையில் வைத்து, அவனே நடந்து, கிட்டங்கியில் அவனே எடுத்துக் கொடுத்தான். பெண்கள் வேலையை விட்டுக் கூடிவிட்டார்கள். இசைத்தட்டு சுற்றியது. தவில் வந்தது. அப்பா, ஒவ்வொரு அடியும் நறுக்கென்று, முதல் நாள் கேட்டது போலவே. அய்யம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். முதலாளி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"பரவாயில்லப்பா. பயந்துக்கிட்டாவது திருப்பி வச்சிட்டியே" என்றார்.

வால்வைச் சுருளிவேல் அல்லவா கொண்டுவந்தான் என்றேன். அதற்கு அவர் பெருமூச்சுதான் விட்டார். கழற்றியது நான், மாட்டியது நான், கைவேலைக்காரனுக்கு அந்த இரண்டு கணம் போதாதா என்பது அவர் கணக்கு. சுருளிவேல், "எங்கண்ணு முன்னாலயே மாத்திட்டான், கவனிக்க முடியலையே" என்று என் திறமையை வியந்தான். வாழ்க்கையில் அவன் என்னை மெச்சியது அந்த ஒரு முறைதான்.

சரி, கிட்டங்கியிலேயே இருக்கட்டும் என்று விட்டிருந்தாலும் பிழைத்திருப்பேன். தேக்குப் பெட்டியைப் புகையிலைத் தூசியில் போட்டுவைக்க முடியுமா, ஹால் எதற்குக் கட்டியது? அன்றைக்கே ஹாலுக்குத் திரும்பியது. அன்றைக்கே தேங்காய் மூட்டையும் அவிழ்ந்தது. இப்போது நான் இரண்டு தரம் திருடியவன். பயம் தெளிந்ததும் மறுபடி எடுத்துக்கொண்டான் என்று ஊருக்குப் புரிந்துவிட்டது.

அந்த வருடத் திருவிழாவுக்கு மைக்கைச் சின்னாளப்பட்டி ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கோவில் கமிட்டியில் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கொடியேற்றத்தன்று வேறொருவன் கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டுவதை என் கடையிலிருந்தே பார்த்தேன். ஒன்பது நாளும் கடையைப் பாதி மூடி வைத்திருந்தேன். அன்னாள் சப்பரம் பார்க்கப் போகவில்லை. காரணம் கேட்டதற்குக் கால் வலி என்றாள். அவளுக்குக் கால் வலி வந்து நான் பார்த்ததே இல்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. என்னிடம் திருட்டு வால்வு இருப்பதாக நம்பியவர்களில் சிலருக்கு அது தங்கள் ரேடியோவுக்கு வேண்டியிருந்தது. ஆயக்குடியிலிருந்து கொய்யாக் கூடையோடு ஒருவர் வந்தார். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "ஏனுங்க, அந்த ஜெர்மன் சாமான் இன்னும் உங்ககிட்டத்தானுங்களே இருக்குது?" என்று காதோடு கேட்டார். இல்லை என்று சத்தியம் செய்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் பதிலுக்குச் சத்தியம் செய்தார். கொய்யாவையும் வைத்துவிட்டுப் போனார். எத்தனையோ நல்லவர்கள் என்னை நம்பினார்கள், ஆனால் திருடன் என்று நம்பினார்கள்.

இப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது. அறுபத்து நாலு மே மாதம், கத்திரி வெயில். டில்லியில் நேரு இறந்துபோனார் என்று ரேடியோ சொன்னது. கடைகள் எல்லாம் அடைத்தாகிவிட்டது. மறுநாள் மத்தியானம் இறுதி ஊர்வலத்தை ரேடியோவில் சொல்வார்கள் என்றதும் ஊர் ரேடியோ இருக்கிற வீடுகளைத் தேடியது. ஊரிலேயே பெரிய ரேடியோ பெருமாள்சாமி வீட்டில் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை அவ்வளவு பிரபலப்படுத்தியதில் என் பங்கும் உண்டு.

வாசலில் வந்து நின்ற கூட்டத்தை, அப்படியொரு நாளில், போ என்று யார் சொல்ல முடியும்? முதலாளி ஹாலைத் திறந்துவிட்டார். வாத்தியார்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், கிட்டங்கிப் பெண்கள், வண்டிக்காரர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த தாய்மார்கள். மொசைக் தெரியாமல் உட்கார்ந்தார்கள். ஓட்டில் தலை சாய்த்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் இரண்டு கண்ணாடியையும் மறைத்துக்கொண்டு நின்றார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. நானும் அன்னாளும் கடைசியாகப் போய் வாசல்நிலையோரம் ஒண்டினோம். ஒரு வருடமாக நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

முதலாளியே குமிழைத் திருகினார். பச்சைக் கண் விழித்தது. பிறகு குரல் வந்தது.

நான் அசந்துபோனேன். வர்ணனை செய்தவர் எங்கள் நடுவில் நின்று பேசினார். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டது கேட்டது. வார்த்தைக்கு நடுவில் மூச்சு விட்டது கேட்டது. அதற்குப் பின்னால், தூரத்தில், லட்சம் பேர் நகர்கிற சத்தம் மெதுவாக அலைந்தது. சாக்கும் பாயும் செய்த வேலையை அத்தனை வேட்டியும் சேலையும் உடம்பும் செய்துகொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றி இருந்தவர்கள் நேருவுக்காக என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அவருக்காகவும்தான், ஆனால் முக்கால்வாசி எனக்காக.

முதலாளி ரேடியோகிராமின் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். துக்க நாளில் சந்தோஷப்படக் கூடாது என்று அந்த முகம் பட்ட பாடு இருக்கிறதே! கண் மெல்லக் கூட்டத்தில் எதையோ தேடியது. என்னைக் கண்டதும் நின்றது. உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, ஒவ்வொருவராக விலக்கி, என்னிடமே வந்தார். இவ்வளவு நல்ல காது கடைசியில் உண்மையைக் கேட்டுவிட்டது என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இன்னைக்காவது வைக்கணும்னு தோணுச்சே உனக்கு. நீ நல்லவன்ப்பா."

எப்போது உள்ளே வந்தேன், எப்படி வைத்தேன் என்றெல்லாம் அவர் யோசிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோவில் கமிட்டிக்காரர் ஞானதாஸ் அங்கேதான் இருந்தார். என்ன இருந்தாலும் மனசாட்சி உள்ளவன் என்று தலையசைத்தார். இந்த வருடத் திருவிழா பற்றி நாளைக்கு வந்து தன்னைப் பார்க்கும்படி என் காதில் சொன்னார். ஒரு வருடமாக என் விரலைப் பார்த்த கண்களெல்லாம் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தன.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நான் எதையும் எடுக்கவுமில்லை, வைக்கவுமில்லை, சுவரைப் பாருங்கள் என்று மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவனாக இருப்பதைவிட மன்னிக்கப்பட்டவனாக இருப்பது எவ்வளவோ சுகம் என்று பட்டது.

"ஆமாங்க மொதலாளி. வச்சிட்டேன்" என்றேன்.

அன்னாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் சிதைக்குத் தீ வைத்தது வரை ரேடியோ சொல்லி முடித்தது. பிறகு வீணை தொடங்கியது. சோகமான, மெதுவான வாசிப்பு. ஒவ்வொரு மீட்டும் கண்ணாடித் துண்டு போலத் தெளிவாக இருந்தது. வாசல் பக்கம் இருந்த வாத்தியார்கள் எழுந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து குமாஸ்தாக்கள் எழுந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்களெல்லாம் வீட்டுக்குப் போய்விடுவார்களே!

வாசலை மறித்து நின்றுகொண்டேன். செத்த நேரம் இருங்க, இன்னும் செய்தி சொல்வாங்க என்று ஒவ்வொருவரையும் கெஞ்சினேன். தலைவர் மேல் எனக்கு அவ்வளவு பக்தியா என்று சிலர் நெகிழ்ந்துபோய்ப் பத்து நிமிடம் அதிகமாக உட்கார்ந்தார்கள். அய்யம்மாளையும் அவளோடு வந்த பெண்களையும் கையெடுத்துக் கும்பிட்டேன். உலை வைக்கணும் அப்பு என்று சொல்லி அவர்களும் போனார்கள். ஐம்பது பேர் போனதும் வீணைக்கு லேசாக வால் முளைத்தது. நூறு பேர் போனதும் ஒரு மீட்டு அடுத்த மீட்டின் மேல் சாய்ந்தது. முதலாளி நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றி சுருங்கத் தொடங்கியிருந்தது.

நான் அன்னாளைப் பார்த்தேன். தரையில் சம்மணம் போட்டு, முந்தானையை விரித்துவிட்டு, இருந்த இடத்தில் அப்படியே இருந்தாள்.

"நான் எந்திரிக்கலைங்க. ஒரு சிப்பத்துக்காவது ஆவேன்ல" என்றாள்.

ஆனால் ஒரு சிப்பம் போதாது. கடைசி ஆள் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கிய சத்தம் ஹாலுக்குள் நான்கு தரம் கேட்டது. வீணை கிணற்றுக்குள் இறங்கியது. மொசைக், ஓடு, கண்ணாடி எல்லாம் துடைத்து வைத்தது போல வெறிச்சென்று இருந்தன. நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம்.

பெருமாள்சாமி கண்ணைத் திறந்தார். ரேடியோகிராமைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்வை முகத்திலிருந்து இறங்கி என் சட்டைப் பையில் வந்து நின்றது. நானும் ஒரு தரம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.